மனந்திரும்புதலும் மூன்று புளியமரங்களும்

ஜனவரி 7, 2024. பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் சபையிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் மலையடிவாரத்திலுள்ள ஒரு குடியிருப்புக்குப் போய், போர்வையும் பிஸ்கட்டும் கொடுத்து, அரை மணி நேரம் சுவிசேஷம் சொல்லி, ஜெபித்துவிட்டு வருகிறோம். இத்தோடு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரார் அன்பாகத்தான் வரவேற்கிறார்கள். ஆனால் குடி குறையவில்லை, கடன் குறையவில்லை, பதினாறு வயதில் பெண்ணுக்குத் திருமணம் முடிப்பதும் நிற்கவில்லை. உள்ளான மாற்றம் என்று சொல்லத்தக்க எதையும் ஒருவரிடமும் நான் காணவில்லை. விதை கெட்டதா, நிலம் கெட்டதா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 8

தம்பி, விதையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விதைக்கப் போகிறவரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இராயக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குடியிருப்புக்கு நான் 2011 முதல் போய்வருகிறேன். முதல் எட்டு ஆண்டுகள் நானும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அறுபது வீடுகள் இருக்கும். ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் தக்காளி பறிக்கவும், பருவத்தில் புளி தட்டிக் கொட்டை எடுக்கவும் போகிறார்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் பேசுவது தமிழ். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2018இல் ஓய்வு பெற்றவள். கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள்.

அங்கே முதலில் மாற வேண்டியிருந்தவள் நான் என்பதுதான் என் பதில். இதைக் கூட்டங்களில் எல்லாரும் சொல்கிறார்கள் என்பதும், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் என்னில் எது மாற வேண்டியிருந்தது என்பதைத் தெளிவாகவே எழுதுகிறேன். ஒரே நாளில் எழுதி முடியாது.

ஜனவரி 8, இரவு

சொல்லிலிருந்தே தொடங்குவது நல்லது. நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், அதாவது 1871இல் நிறைவுற்ற பவர் ஐயரின் குழுவினரது வேதாகமத்தில், மாற்கு 1:15இல் ‘மனந்திரும்பி’ என்று இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘மனம் மாறி’ என்று இருக்கிறது. நான் போகும் ஊரில் வீட்டு மொழியான தெலுங்கு வேதாகமத்தில் ‘மாருமனஸ்ஸு’ என்கிறார்கள். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘மெட்டனோயா’. அது மனத்தின், சிந்தனையின் மாற்றத்தைக் குறிப்பது. அந்த வகையில் திருவிவிலியமும் தெலுங்கும் கிரேக்கத்துக்கு நெருக்கமானவை. ஆனால் பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகள் பயன்படுத்திய எபிரேயச் சொல் ‘ஷூப்’. அதன் நேர்ப்பொருள் ‘திரும்பு’, வந்த வழியே திரும்பி வா என்பதுதான். நம் பழைய தமிழ்ச் சொல்லில் அந்த எபிரேய ஓசை இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்தியவள் என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. திரும்பு என்பது தன்வினை. திருப்பு என்பது பிறவினை. மனம் திரும்புவதும் பொருளைத் திருப்புவதும் ஒரே வேரில் நிற்கின்றன. இந்த உறவு எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. மிகவும் பிந்தி, வேறோர் இடத்தில் தோன்றியது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 11

எங்கள் மாவட்டங்களின் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த அளவைத் தாண்டிய நீரைப் பிள்ளைப் பருவத்திலிருந்து குடித்தால் நிலைத்த பற்கள் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கின்றன. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. காய்ச்சினால் புளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. குழாய் வந்த பிறகும், தண்ணீர் வராத நாள்களில் ஊரார் பழைய போரிங்கைத்தான் நாடுகிறார்கள்.

அந்தக் குடியிருப்பில் முதன்முதலாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுக் கொடுத்தபோது, பெரிய பெண்கள் எல்லாரும் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு பாடினார்கள். கூச்சம் என்று நினைத்து, ‘ஆண்டவரைப் பாட வெட்கம் எதற்கு’ என்று அதட்டினேன். பல்லின் கறையைத்தான் மறைத்தார்கள் என்பது தெரிய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. ஒரு ஆசிரியைக்கு, அதுவும் இந்த மாவட்டத்து ஆசிரியைக்கு, அது நீண்ட காலம்.

இந்தத் தண்ணீரின் காரணமாகத்தான் நானும் அங்கே போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்வது வழக்கம்.

ஜனவரி 12

நேற்று கடைசி வரியில் எழுதியது முழு உண்மையாக இல்லை. இரவெல்லாம் அது உறுத்தியது, திருத்துகிறேன்.

ஓசூர்ப் பக்கம் ஓர் உறவினர் வீட்டிலும் இதே போரிங் தண்ணீர்தான். அங்கே நான் பாட்டில் எடுத்துச் சென்றதே இல்லை. செம்பில் கொடுத்தால் குடித்திருக்கிறேன். குடியிருப்புக்குப் போகும்போது மட்டும் எனக்குப் புளோரைடு நினைவுக்கு வந்தது. என் தந்தையார் தென்மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்து இராயக்கோட்டையில் மளிகைக் கடை வைத்தவர். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். கடைக்கு வரும் அந்த ஊராருக்குத் தண்ணீர் கேட்டால் ஊற்ற வேறு குவளை இருந்தது. அந்தக் குவளை என் மனத்துக்குள் இருந்தது என்று சொன்னால்தான் உண்மை. 1833இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியவர்கள் பலர். அந்த வரலாற்றை நான் பிறரைக் குறைசொல்லும் பாடமாகப் படித்திருந்தேன்.

யோவான் 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் முதலில் சொன்னது போதனை கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். யூதர் தொடாத பாத்திரத்திலிருந்து குடிக்கக் கேட்டார். ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த அதிகாரத்தை அந்த ஊரில் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்று முறையும் என் பைக்குள் பாட்டில் இருந்தது.

ஜனவரி 19

போர்வையைப் பற்றி. அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ஒரு டிசம்பரில் அவருக்குப் போர்வை கொடுத்தபோது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “டீச்சரம்மா, பெட்டியில் ஏழு போர்வை இருக்கின்றன. எட்டு பேர் செத்தாலும் இந்த வீட்டில் போர்த்தத் துணி உண்டு. அடுத்த தடவை சித்திரையில் வந்தால் ஒரு கொசுவலை கொண்டு வாருங்கள்” என்றார். நின்ற எல்லாரும் சிரித்தார்கள்; பாட்டியும் சிரித்தார். அவருக்கு எது தேவை என்று அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கண் தெரியாத பர்திமேயுவிடம்கூட, அவனுக்கு என்ன வேண்டும் என்பது கண்முன் தெரிந்திருந்தும், ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும்’ என்று ஆண்டவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கொடுப்பதையும் போதிப்பதையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் செய்தால், கேட்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாமல் போகிறது. கையில் போர்வையை வைத்துக்கொண்டு ‘எனக்கு உங்கள் கடவுள் வேண்டாம்’ என்று எந்த ஏழை சொல்வார்? கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறினவர்கள் என்ற ஏச்சை நம் முன்னோர் கேட்டு வளர்ந்தார்கள். அந்த ஏச்சு பெரும்பாலும் அநியாயமானது. ஆனாலும் அதற்கு இடம் கொடுக்கும் வழக்கத்தை நாம் ஏன் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். 2019க்குப் பிறகு ஜெபத்துக்குப் போகும் நாளில் நான் எதுவும் எடுத்துச் செல்வதில்லை. யாருக்காவது உதவி செய்ய வேண்டியிருந்தால் வேறொரு நாளில், வேதபுத்தகம் இல்லாமல் போகிறேன்.

ஜனவரி 21

ஒரு வாசகர், “ஆண்டுக்கு ஒரு முறை போவதையும் வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் கிருஷ்ணகிரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷனின் வேலையை 1895இல் தியோடர் நேதர் தொடங்கியது இந்த ஊரில்தான். அவர் இங்கேயே குடியிருந்தார். 1904இல் பிளேக் நோயில் இறந்தார். அவருடைய காலத்துப் போதனை முறையில் எனக்கு ஒப்பாதவை பல உண்டு. ஆனால் இந்த ஊர் மக்களை வாரிக்கொண்டு போன நோய்க்கு விலகி நிற்காமல் இங்கேயே இருந்தார் என்பதை நான் மறப்பதில்லை. நாம் எல்லாரும் குடியிருப்புக்கே குடிபோக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போக முடியும்.

ஜனவரி 27

குடியை நிறுத்தியவர்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதுவது எனக்குக் கடினம்.

2014இல் அந்த ஊரில் ஒருவர் எங்கள் ஜெபத்துக்குப் பிறகு குடியை நிறுத்தினார். தினமும் காலையிலேயே குடித்துக்கொண்டிருந்தவர். ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்தினார். நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்று அசுத்த ஆவியைக் கடிந்து ஜெபித்தோம். வலிப்பு வந்தது. அந்த வழியாக வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் எங்களை விலக்கிவிட்டு 108ஐ அழைத்தார். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிதல் எல்லாம் வரக்கூடும் என்பதும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்பதும் அன்று அந்தச் செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊழியத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிக்கலாம்.

அவர் பிழைத்தார். நான்கு மாதம் குடிக்காமல் இருந்தார். அந்த நான்கு மாதத்துக்குள் அவரை ஒரு பெரிய கூட்டத்தின் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தோம். விளக்கு வெளிச்சத்தில், ஆயிரம் பேருக்கு முன்னால், மனைவியை அடித்ததைக்கூடச் சொன்னார். மனைவி கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அறுவடைக் காலத்தில் கையில் காசு வந்ததும் மறுபடியும் குடித்தார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வேலிக்குப் பின்னால் மறைந்தார். அவர் தோற்றுவிட்டார் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். என் கணக்கில் அவரை முற்றாத கதிராக அறுத்தவர்கள் நாங்கள். லுத்தர் 1517இல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசிகளின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். திடப்படுத்தல் வகுப்பில் நான் மனப்பாடம் செய்தது அது. வாழ்வு முழுவதும் நடக்க வேண்டியதை ஒருவர் நான்கு மாதத்தில் முடித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சில மாதம் நிறுத்துகிறார், சில மாதம் குடிக்கிறார். இரண்டு ஆண்டுகளாக என்னைக் கண்டு மறைவதில்லை. மறையாமல் நிற்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 3

சட்டத்தைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று விளக்கியது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆனால் குடியிருப்பில் கேட்கப்படும் கேள்வி இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு தாய் என்னிடம் கேட்டது: “நான் ஞானஸ்நானம் எடுத்தால் என் பெண்ணின் சாதிச் சான்றிதழ் என்னவாகும்?” 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு இரண்டிலும் இதன் விளைவு பெரிது. இந்த விவரத்தை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது பாவம் என்றே நினைக்கிறேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்து, “அப்படியானால் நான் ஆண்டவரிடம் பேசுவதை அவர் கேட்கட்டும், தாசில்தார் கேட்க வேண்டாம்” என்றார். அவருடைய விசுவாசத்தை அளக்க எனக்கு அதிகாரம் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன்பே இழக்க ஒன்றும் இல்லாமல் கிறிஸ்தவரான குடும்பத்தில் பிறந்த நான் அவருக்குத் துணிவைப் போதிக்க முடியாது.

பிப்ரவரி 4

பதினாறு வயதுத் திருமணத்தைப் பற்றிய உங்கள் பழைய கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே விட்டேன். தாயும் தகப்பனும் பெங்களூருக்குப் போய்விட்டால், வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற பயம்தான் பெரும்பாலான வீடுகளில் காரணம். போதனையால் அந்தப் பயம் போகாது. ஆதிதிராவிடர் நலத் துறை விடுதி, கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி என்று இடங்கள் இருக்கின்றன. சேர்க்கை நாளில் விண்ணப்பத்தோடு கூடப் போய் நிற்க ஆள் வேண்டும். என் ஓய்வூதிய வாழ்வில் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். ஐந்து பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17

இப்போது புளியமரம். தலைப்பைப் பார்த்துப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

1987இல் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் மகளின் திருமணத்துக்காக என் தந்தையாரிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். ஈடாகத் தம் நிலத்து வரப்பிலிருந்த மூன்று புளியமரங்களைப் போக்கியத்துக்கு விட்டார். கடன் தீரும்வரை மகசூல் எங்களுக்கு. இதற்கு ஒரு வெள்ளைத்தாளும் கைரேகையும்தான் ஆதாரம். அதன் பிறகு ஒவ்வொரு மாசி, பங்குனியிலும் எங்கள் ஆட்கள் போய் உலுக்கி மூட்டை கட்டி வருவார்கள். எங்கள் வீட்டுக் குழம்பு அந்தப் புளியில்தான் கொதித்தது. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக முதல் மூட்டையைத் தந்தையார் ஆலயத்துக்குக் கொடுப்பார். அது ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். வட்டிக்குத்தான் மகசூல் சரியாக இருக்கிறது, முதல் அப்படியே நிற்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். 2009இல் அவர் காலமான பின் என் தம்பி அதைத் தொடர்ந்தான். இரண்டு ஆண்டு கழித்து நான் அதே ஊருக்கு ஊழியத்துக்குப் போகத் தொடங்கினேன். மரங்கள் இருக்கும் வரப்பைக் கடந்துதான் ஜெப வீட்டுக்குப் போக வேண்டும். எட்டு ஆண்டுகள் அவற்றின் நிழலில் வண்டியை நிறுத்தினேன்.

2019 அக்டோபரில், சீர்திருத்தத் திருநாளுக்கு முந்தின வாரம், லூக்கா 19இலிருந்து, ஏய்த்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, 1987இல் திருமணமான அதே மகள், இப்போது பேரன் எடுத்தவர், ஒரு கேள்வி கேட்டார்: “சகேயு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இயேசு அவன் வீட்டுக்குப் போனாரா, அதற்கு முன்பே போனாரா?” லுத்தரன் சபையில் வளர்ந்த எனக்கு இதைவிட இனிய கேள்வி இல்லை. முன்பேதான், அவன் தகுதியாகும்வரை அவர் காத்திருக்கவில்லை, கிருபை முதலில் வந்தது, திருப்பிக் கொடுத்தல் அதன் கனியாகப் பின்னால் வந்தது என்று மகிழ்ச்சியோடு விளக்கினேன்.

அவர் கோபமில்லாமல், சாதாரணமாக, “அப்படியானால் உங்கள் வீட்டுக்கு அவர் வந்து வெகு காலம் ஆகிவிட்டதே, டீச்சரம்மா” என்றார்.

சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். வாசலிலிருந்து மரங்கள் தெரிந்தன. ஜெபத்தை முடித்தேனா, எப்படி வீடு வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 18

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ‘வட்டிக்குத்தான் மகசூல் சரியாக இருக்கிறது’ என்று வீட்டில் சொன்னதை எழுதினேன். அது உண்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தந்தையாரின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 720 ரூபாய். 1988 பருவத்தில் 350 கிலோ, கிலோ 5 ரூபாய். அதுவே 1,750 ஆகிறது. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: மூன்றாம் பருவத்தில், 1990இல், முதலும் வட்டியும் தீர்ந்து மிச்சமும் இருக்கிறது. அதற்குப் பிறகு 2019 வரை 29 பருவங்கள். தந்தையார் எடை எழுதியிருக்கிறார், விலை எழுதியிருக்கிறார். கழித்துப் பார்த்ததாக ஒரு வரியும் இல்லை. விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நின்று ஜெபித்தவர் அவர். அந்த ஜெபம் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஜெபமும் அந்த நோட்டும் ஒரே அலமாரியில் முப்பது ஆண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்திருக்கின்றன.

மார்ச் 2

திருப்பிக் கொடுத்தது எளிதாக நடந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. தம்பி கடுமையாக எதிர்த்தான். அந்தக் கடன் இல்லையென்றால் அந்தத் திருமணமே நடந்திருக்காது என்றான். அதில் உண்மை இருக்கிறது. செத்துப்போன தகப்பனை ஊரின் முன்னால் வட்டிக்காரனாக்குகிறாய் என்றான். அது என்னைக் குத்தியது. 2020 ஜனவரியில், உலுக்கும் காலத்துக்கு முன்பு, அரை மனத்தோடு சம்மதித்தான்.

மரத்தைத் திருப்பினால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, தானாக ஒப்புக்கொண்டு திருப்புகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 விதித்தது. சகேயு தானாக ஒப்புக்கொண்டும் திருடனுக்குரிய அளவைத் தனக்கு விதித்துக்கொண்டான். இதை முன்னே ஆயிரம் முறை வாசித்திருந்தும் கணக்குப் போடும்போதுதான் கவனித்தேன். 29 பருவத்தின் நான்கு மடங்கு என் சக்திக்கு மேற்பட்டது. ஓய்வுக்காலப் பணத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்மணி வாங்க மறுத்தார். “பணம் வேண்டாம். மரம் எங்களுடையது என்று எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். என் தகப்பன் கடன்காரனாகவே செத்தார்” என்றார்.

தெருவில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்: கடன் 1990இலேயே தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு எடுத்தது எங்கள் பிழை. காகிதத்தைக் கொடுத்தேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். அன்று நான் பாட்டில் எடுத்துப் போகவில்லை.

மார்ச் 5

“அதற்குப் பிறகு எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அந்தப் பெண்மணி இன்றுவரை சபைக்கு வரவில்லை. முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறார். சனிக்கிழமைகளில் கதை கேட்கவும் கேள்வி கேட்கவும் வருகிறார். இரண்டு குடும்பங்கள், நான் கேட்காமலேயே, போதகரிடம் போய்ப் பேசி, எல்லா விவரமும் தெரிந்தே, ஞானஸ்நானம் பெற்றார்கள். மரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று அவர்களிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் மறுபடியும் மேடை போட்டதாகிவிடும்.

அந்தத் தொகை இன்னும் தனியாக வங்கியில் கிடக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்குச் செலவு செய்யலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அந்தக் குடும்பத்தின் பணம். அதை நான் தானமாகக் கொடுக்க முடியாது.

மார்ச் 9

பாலக்கோட்டுத் தம்பிக்கு: இந்த டிசம்பரில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் வெறுங்கையோடு, இருவராக மட்டும், சாப்பாட்டு வேளைக்குப் போங்கள். களி கொடுத்தால் சாப்பிடுங்கள். அந்த ஊரில் யாரிடமாவது உங்கள் சபையார் குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறார்களா, அங்கே யாருக்காவது உங்கள் குடும்பங்களில் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று முதலில் உங்களுக்குள் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாவட்டத்திலும் கடை வைத்தவர்களும் நிலம் வைத்தவர்களும் சபைகளில் இருக்கிறோம். எங்கள் வீட்டு நோட்டு ஒன்றுதான் இப்படி இருக்கும் என்று நான் நம்பவில்லை.

மார்ச் 30

நேற்று பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை முடிந்து, இன்று காலை குடியிருப்புக்குப் போனேன். புளி உலுக்கி முடிந்திருந்தது. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓடும் நாரும் நீக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஐந்து கிலோ வேண்டும் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். சந்தை விலையைச் சொன்னார். நான் பேரம் பேசவில்லை, அவரும் குறைக்கவில்லை. தராசில் நிறுத்து, பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, கடைசியில் ஒரு கை அள்ளிக் கொசுறு போட்டார். தம்பி வீட்டுக்கு அதில் பாதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எந்த மரத்துப் புளி என்று சொல்லித்தான் அனுப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டதாக அவன் மனைவி மாலையில் போனில் சொன்னாள்.